சுடரை ஊதி அணைக்கவும்

வடிவு,

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வரும். பழுப்புத் தாள் சுற்றி, நம் கடைச் சணலால் கட்டியிருக்கிறேன். அதை முதலில் பிரிக்காதே. கடிதத்தைப் படித்துவிட்டுப் பிரி. படித்தபிறகு இதை எழுதியவன் முகத்தில் விழிக்கவே வேண்டாம் என்று உனக்குத் தோன்றலாம். அப்போதும் பொட்டலத்தைத் திருப்பி அனுப்பிவிடாதே. அதில் இருப்பது என்னுடையது அல்ல, உன்னுடையது. இதே கடிதத்தைக் கல்கத்தாவில் நம்மவர்கள் போடும் ஆண்டு மலருக்கும் கொடுத்திருக்கிறேன். வீட்டு விஷயத்தை ஊர் படிக்க வேண்டுமா என்று உன் அம்மாவே கேட்டாள். நான் சொன்ன பொய் கடைக்குள் நாலு பேர் காது கேட்கச் சொன்னது. மெய்யை மட்டும் உறைக்குள் ஒட்டி உனக்கு அனுப்பினால் அது ஒளித்துவைத்த மெய்தான். அதனால், உனக்குத் தெரிந்த சில சங்கதிகளையும், உன்னை அறியாதவர்கள் படிப்பார்கள் என்று நினைத்துச் சொல்லிக்கொண்டு போவேன். பொறுத்துக்கொள்.

ஃபெரோஸா ஆன்ட்டி போய்விட்டார். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. உனக்குச் சொல்ல வேண்டியவன் நான். சொல்லாமல் இருந்தேன். போன வாரம் உன் அம்மா தோசைக் கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். "எழுதுதியளா, இல்ல நானே போனப் போட்டு அவகிட்ட சொல்லட்டா?" என்றாள். அதற்கு மறுநாள்தான் பேனாவை எடுத்தேன். தைரியத்தால் எழுதவில்லை என்பது உனக்கு முதலிலேயே தெரிந்திருக்கட்டும்.

பத்தொன்பது வயதில் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்து, கல்கத்தா துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரில் ஒரு சேட்டு குடோனில் சாக்குத் தைத்தவன் நான். பதினோரு வருஷம் கழித்து அந்தக் குடோனுக்கு எதிரிலேயே, நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும் இடத்தில் சொந்தமாகக் கடை போட்டேன். கப்பலில் வரும் சாம்பிராணி (இந்த ஊரில் அதற்கு லோபான் என்று பெயர்), தெற்கேயிருந்து வரும் சந்தனம், கற்பூரம், குங்கிலியம். சர்ச்சுக்கு வாங்க வருகிறவர், "லோபான் வேண்டாம், சர்ச் சரக்கு குடுங்க" என்பார். தர்காவுக்கு வாங்குகிறவர், "சர்ச் சரக்கு வேண்டாம், அசல் லோபான் போடு" என்பார். இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு ஒரே சாக்கிலிருந்துதான் அள்ளிப் போடுவேன். நீ ஏழு வயதில் கல்லா மேல் உட்கார்ந்து இதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தவள். பிற்பாடு நீ ஆராய்ச்சி என்று எடுத்துக்கொண்ட முழு விஷயமும் அந்தச் சாக்கில்தான் தொடங்கியது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஃபெரோஸா ஆன்ட்டி எங்கள் கடைக்கு மாடியில், கப்பல் சரக்குகளைச் சுங்கத்தில் விடுவித்துத் தரும் ஆபீசில் வேலை பார்த்தார். பார்சி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாயந்திரம் வேலை முடிந்து பாலிகஞ்சுக்கு பஸ் பிடிக்கும் முன் கடைக்கு வந்து, வீட்டு விளக்கின் முன்னால் புகைக்க ஒரு பிடி சாம்பிராணியும், அவர்களுடைய நெருப்புக் கோயிலுக்குக் கொடுக்கச் சந்தனக் குச்சியும் வாங்குவார். ஒவ்வொரு குச்சியையும் முகர்ந்து பார்ப்பார். "எங்க ஆளுங்க செய்யுற தொழிலையே பேரோட சேத்துக்குவாங்க. இனிமே நீ சந்தன்வாலா" என்று எனக்குப் பெயர் வைத்ததும் அவர்தான். அவர் பேச்சு பாதி இந்தி, பாதி பெங்காலி, கோபம் வந்தால் குஜராத்தி. நான் எல்லாவற்றையும் நம் பேச்சில் எழுதுகிறேன்.

உன் பள்ளிக்கூட கிறிஸ்துமஸ் நாடகத்தில் குழந்தை இயேசுவைப் பார்க்கக் கிழக்கிலிருந்து சாம்பிராணி கொண்டுவரும் ஞானியாக நீ நடித்தாய். பசங்கள் குறைச்சல் என்று உனக்குத் தாடி ஒட்டினார்கள். கடையிலிருந்தே ஒரு டின் எடுத்துக்கொண்டு போனாய். தாடியோடு திரும்பி வந்தவளை ஆன்ட்டி பார்த்துவிட்டு, "யாரு வேஷம்டி இது?" என்று கேட்டார். நீ சொன்னாய். "அந்தக் கிழக்கத்தி ஆளுங்க யாருன்னு உங்க டீச்சர் சொன்னாங்களா? எங்க பூசாரிங்க. நெருப்புக்கு முன்னாடி நிக்குறவங்க. நட்சத்திரம் பாத்துக்கிட்டே அவ்ளோ தூரம் போனாங்க. போனவங்களுக்கு ஒரு வாய் டீ குடுத்தாங்களான்னு தெரியல." நீ தாடியைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "அப்போ இயேசு பொறந்ததுக்கு உங்க ஆளுங்க ஏன் ஆன்ட்டி போனாங்க?" என்றாய். அவர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். அந்தக் கேள்வியை நீ விடவே இல்லை. எம்.ஏ. முடித்து, அதையே ஆராய்ச்சியாகப் பதிவு செய்தாய்: பார்சிகளின் ஜரதுஷ்டிரர் வழி மற்ற மதங்களுக்குள் எப்படிப் போனது.

சனிக்கிழமை தோறும் நீ பாலிகஞ்சில் அவர் வீட்டுக்குப் போனாய். அவர் உனக்குப் பாடம் நடத்தினார் என்றுதான் வெளியே எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது தலைகீழ். அவருக்குப் பிரார்த்தனைகள் எல்லாம் மனப்பாடம், ஒரு வார்த்தைக்கும் பொருள் தெரியாது. நீதான் புத்தகம் பார்த்துப் பொருள் சொன்னாய். அறுபது வயதில் தன் வாயிலிருந்து தினம் வந்துகொண்டிருந்தது என்னவென்று கேட்டு அவர் அழுதார் என்று வந்து சொன்னாய். நான் கற்பூரம் நிறுத்துக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன்.

கடையில் நடந்த அந்த வாய்ச்சண்டைகள் இன்னும் காதில் இருக்கின்றன. அத்தர் கொண்டுவரும் இத்ரிஸ் பாய் ஸ்டூலில் இருப்பார், ஆன்ட்டி வாசல்படியில், நீ சாக்கு மேல். யூதர்கள் பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்ததையும் பாரசீக ராஜா வந்து விடுவித்ததையும் நீ சொல்வாய். அதற்குப் பிறகுதான் அவர்கள் எழுத்தில் கடவுளுக்கு எதிராளியாகச் சைத்தான் தலையெடுக்கிறான், தேவதூதர்களுக்குப் பெயர் வருகிறது, செத்தவர்கள் எழுந்து வருவதும் கடைசித் தீர்ப்பும் வருகின்றன என்பாய். அங்கிருந்து கிறிஸ்தவத்துக்கு, அதிலிருந்து இஸ்லாத்துக்கு. பௌத்தர்கள் காத்திருக்கும் வரப்போகிற புத்தர்கூட அந்தப் பக்கத்துக் காற்றுப் பட்டவராக இருக்கலாம் என்பாய். எல்லா அறிஞர்களும் ஒப்புக்கொள்வதில்லை என்று கூடவே சொல்லிவிடுவாய். அந்த நேர்மை உன் அம்மா வழி.

"அரே பேட்டி, கேளு மகளே, முடியைவிட மெல்லிசா ஒரு பாலம், அதுமேல நடந்துதான் சொர்க்கம் போகணும்னு எங்க பெரியவங்க சொல்லியிருக்காங்க. யாரும் எங்களுக்கு சப்ளை பண்ணல" என்பார் இத்ரிஸ் பாய்.

"எங்ககிட்டயும் பாலம் உண்டு பாய். உங்களுக்கு ரொம்ப முன்னாடியே கட்டியாச்சு" என்பார் ஆன்ட்டி.

"அப்போ டோல் யாருக்குக் கட்டணும்? உனக்கா?"

ஆன்ட்டி சிரித்துவிட்டு, உடனே உன் பக்கம் திரும்பி முறைப்பார். "பாய் சொல்றதுல தப்பில்லடி. நாங்க ஒண்ணும் சப்ளையர் இல்ல. குடுத்தோம், எடுத்தாங்கன்னு எழுதாத. எங்க பெருமை அதுல இல்ல." நீ விடமாட்டாய். "ஷோனோ, கேளுங்க ஆன்ட்டி, எடுத்தாங்கன்னு நான் சொல்லல. பக்கத்துப் பக்கத்துல கடை இருந்தா வாசனை ஒட்டாம இருக்குமா?" வியாபாரி மகள் பேச்சு. எனக்கு உள்ளுக்குள் பெருமை. வெளியே நான் சொன்னது வேறு. "உலகத்துக்கெல்லாம் சரக்கு குடுத்த கடை, இப்ப கல்கத்தாவுல ஆளு எண்ணிக்க ஒரு பஸ்ஸுல அடங்கிரும். வாங்க ஆளில்லாத சரக்கப் படிச்சு என்னட்டி செய்யப் போற?" ஆன்ட்டி வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தேதான் சொன்னேன்.

வாங்க ஆளில்லை என்று சொன்னவன்தான் அதே சரக்கை விற்கக் கிளம்பினேன். சாம்பிராணியை மூட்டையாக விற்றுக்கொண்டிருந்தால் முன்னேற முடியாது, சொந்தப் பெயரில் ஊதுபத்தி போட வேண்டும் என்று அப்போது எனக்கு வெறி. நீ சொன்னதை எல்லாம் கேட்டுக் கேட்டு, எல்லா மதத்துக்கும் ஒரே பத்தி என்று ஒரு யோசனை வந்தது. பெட்டியில் ஓம், சிலுவை, பிறை, ஆறுமுனை நட்சத்திரம் எல்லாம் சுற்றிலும், நடுவில் பார்சிகளின் நெருப்பு. நாலுக்கும் படம் கிடைத்தது. நெருப்புக்கு மட்டும் நல்ல படம் கிடைக்கவில்லை.

ஆன்ட்டி உனக்கு ஒரு படம் வரைந்து கொடுத்திருந்தார். அவர்கள் கோயிலில் நெருப்பு இருக்கும் உள்ளறையை, மற்றவர்கள் கால் வைக்கக் கூடாத இடத்தை, ஒரு பழைய ஷிப்பிங் பில்லின் பின்பக்கம் பேனாவால் வரைந்தது. நெருப்பு எரியும் வெள்ளிக் கலசம், மேலே தொங்கும் மணி, பூசாரி வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொண்டு நிற்கும் இடம். மூச்சுக்காற்றும் எச்சிலும் நெருப்பில் படக் கூடாது என்பது அவர்கள் முறை. உனக்குப் புரிவதற்காக வரைந்தது, யாருக்கும் காட்டக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுத்தது. நீ எனக்குக்கூடக் காட்டவில்லை. நீ குளிக்கப் போயிருந்தபோது உன் பையிலிருந்து நானாக எடுத்தேன். அச்சகத்தில் கொடுத்து நகல் எடுத்தபிறகு அன்று சாயந்திரமே அதே இடத்தில் வைத்தேன். இத்ரிஸ் பாய் அச்சகத்தில் தன் லேபிளுக்காகக் காத்திருந்தார். மகளுக்குத் தெரியாமல் திரும்ப வைக்க வேண்டும் என்று நான் அவசரப்படுத்தியதைக் கேட்டார்.

பெட்டி அச்சாகி வந்தது. முன்பக்கம் அந்தக் கலசம். பின்பக்கம், எல்லா ஊதுபத்திப் பெட்டியிலும் இருக்கும் வரி, மூன்று மொழியில்: நுனியைப் பற்றவையுங்கள், சுடரை வாயால் ஊதி அணைக்கவும். அச்சகத்துக்காரர் வழக்கமாகப் போடுவதைப் போட்டார். நான் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். நம் வீட்டிலேயே உன் அம்மா விளக்கை ஊதி அணைக்க விடமாட்டாள், பூவால் அமர்த்துவாள். அந்த வீட்டில் சோறு தின்கிறவனுக்குக்கூட உறைக்கவில்லை.

ஒரு வாரத்தில் ஆன்ட்டி அந்தப் பெட்டியோடு கடைக்கு வந்தார். பஸ் நிறுத்தத்தில் சாக்கடை ஓரம் கிடந்ததாம். துடைத்து எடுத்துவந்திருந்தார். இத்ரிஸ் பாய் இருந்தார், வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஆன்ட்டி கத்தவில்லை. பின்பக்கத்தை மட்டும் சத்தமாகப் படித்துக் காட்டினார். அப்புறம் திருப்பி, படத்தில் விரல் வைத்தார். "இது நான் போட்ட கோடு. உனக்கு யாரு குடுத்தா, சந்தன்வாலா?"

கோயிலுக்குச் சந்தனம் போவது என் கடையிலிருந்து. அந்த வியாபாரம் போய்விடும் என்று நினைத்தேனா, நாலு பேர் முன்னால் திருடன் ஆகக் கூடாது என்று நினைத்தேனா, இன்றுவரை எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வாய் தானாகச் சொன்னது: "வடிவுதான் குடுத்தா. அவ யோசனதான் எல்லாம். சின்னப் புள்ள, தெரியாமச் செஞ்சிட்டா, மன்னிச்சிருங்க." உனக்காக மன்னிப்பும் கேட்டேன், பார்த்துக்கொள். இத்ரிஸ் பாய் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, அத்தர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்கப்புறம் அவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்ததில்லை. நின்றுகொண்டே சரக்கைக் கொடுத்துவிட்டுப் போவார்.

அந்தச் சனிக்கிழமை நீ பாலிகஞ்சுக்குப் போனாய். ஆன்ட்டி கதவுச் சங்கிலியை எடுக்காமல், அந்தப் பெட்டியை இடுக்கு வழியாக நீட்டி, "இனிமே வராத" என்று மட்டும் சொன்னார். நேராகக் கடை வாசலுக்கு வந்து நின்றாய். கையில் அந்தப் பெட்டி. "என் பையைத் திறந்தீங்களாப்பா?" என்றாய். நான், "பெட்டியெல்லாம் திரும்ப வாங்கிட்டேன், விடு" என்றேன். நான் செய்த திருட்டுக்காக அவர் உன்னைத் தள்ளிவிட்டார் என்று நீ நினைத்தாய். இவ்வளவு பழகியும் ஒரு வார்த்தை கேட்காமல் தண்டித்துவிட்டாரே என்று அவர்மேல் உனக்கு வருத்தம். அவர் கேட்டார் வடிவு, என்னிடம் கேட்டார். நீதான் சத்தியத்தை மீறி அந்தப் படத்தை விற்கக் கொடுத்தாய் என்று நம்பித்தான் கதவை மூடினார். இதுதான் உனக்குத் தெரியாதது. ஒன்பது வருஷமாக நான் வாயில் அடக்கி வைத்திருந்தது. நீ ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் பெங்களூரில் ஆபீஸ் வேலைக்குப் போனபோது ஹௌரா ஸ்டேஷனில் உன் பெட்டியைத் தூக்கி வைத்தது நான்தான். அப்போதும் சொல்லவில்லை.

இந்த வருஷம் இருதய அடைப்புக்கு ஒரு குழாய் வைத்தார்கள், உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து படுத்திருந்தபோது பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தில்தான் ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். சொன்னேன், எதையும் குறைக்காமல். அவர் புதினா போட்ட டீயை எனக்கு ஊற்றிவிட்டு, தனக்கு ஊற்ற மறந்து உட்கார்ந்திருந்தார். "அப்போ ஒன்பது வருஷமா நான் தப்பான ஆளுகூட சண்டை போட்டிருக்கேன்" என்றார். தன் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பொய்யத்தான் எங்களுக்கு முதல் எதிரின்னு சொல்லி வெச்சிருக்கு. அது எப்படி இருக்கும்னு பாக்காமலே நம்பிக்கிட்டு இருந்தேன். டீ குடிச்சிட்டுப் போற ஆளா இருக்கும்னு தெரியல" என்றார். அலமாரியிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்துக் காட்டினார். "அவகூட விவாதம் பண்ணிக்கிட்டேதான் இருந்தேன், இதுல. அவளுக்கு எழுது. வந்து அவளே வாங்கிக்கட்டும். எங்கிட்ட சொன்னியே, அதையே எழுது."

எழுதவில்லை. அவரிடம் சொல்வது ஒன்று, உன்னிடம் சொல்வது வேறொன்று. இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தார். "எழுதினியா சந்தன்வாலா?" நான் சொன்னேன்: "எழுதிட்டேன்."

ஆமாம், மறுபடியும். அடுத்த வாரம் கேட்டார்: "பதில் வந்துச்சா?" "இன்னும் வரல." "கோபம் இருக்கும். இருக்கட்டும். சனிக்கிழமை நான் வெளிய எங்கயும் போறதில்லன்னு அவளுக்குத் தெரியும்." மழைக்காலத்தில் ஒருநாள் கீழே விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. நீ தெரிந்தே வரவில்லை என்று நினைத்துக்கொண்டு போனார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் கதவை உன் முகத்தில் மூட வைத்தேன். கடைசியில் உன் கதவை அவர் முகத்தில் மூட வைத்தேன். முதல் பொய்க்குப் பயம் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு எந்தப் பெயரும் கிடைக்கவில்லை.

அவர்கள் முறையில், சில மந்திரங்கள் தொடங்கிவிட்டால் பார்சி அல்லாதவர்கள் இறந்தவர் முகத்தைப் பார்க்க முடியாது. வழியில் தாராதலா சாலையில் லாரிகள் அடைத்து நின்றதில் நான் போய்ச் சேர்ந்தபோது தொடங்கியிருந்தது. வெளியே பெஞ்சில் இருந்தேன். நாலாம் நாள் விடியும் நேரத்தில்தான் உயிர் அந்தப் பாலத்துக்குப் போகும் என்று அவர் கடையில் சொன்னது நினைவிருந்தது. அன்றைக்குக் கோயில் இருக்கும் தெருவில், எதிர்ச் சுவரோரம் போய் நின்றேன். பின்னாலிருந்து யாரோ வந்து பக்கத்தில் நின்றார்கள். இத்ரிஸ் பாய். கிடர்பூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். வெளிச்சம் வந்ததும், "அவ கடந்திருப்பா. அவளுக்கு அகலமா இருந்திருக்கும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "பொண்ணுக்கு எழுது" என்றார்.

அந்தப் பாலத்தைப் பற்றி ஆன்ட்டி சொன்ன இன்னொன்றும் உனக்கு நினைவிருக்கும். உயிர் அங்கே போய் நிற்கும்போது எதிரே ஒரு பெண் வருவாள். ஒழுங்காக வாழ்ந்தவனுக்கு அழகாக வருவாள், பொய்யனுக்குக் கோரமாக வருவாள். நீ யார் என்று கேட்டால், நீ செய்ததுதான் நான் என்பாள். அன்றைக்கு நானும் பாயும் அதைக் கேட்டுச் சிரித்தோம். இப்போது எனக்கு அதில் ஒரு சந்தேகம்தான். கோரமாக வருவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. கையில் ஒரு பெட்டியோடு, "என் பையைத் திறந்தீங்களாப்பா?" என்று கடை வாசலில் நின்றாளே ஒருத்தி, இருபத்து மூன்று வயதில், அவளேதான் வருவாள். எனக்கு அதைவிடக் கடுமையானது எதுவும் இல்லை.

பொட்டலத்தில் இருப்பது அந்த நோட்டு. பம்பாயிலிருந்து வந்த ஆன்ட்டியின் அண்ணன் மகள் கொடுத்தாள். மேல் அட்டையில் உன் பெயர் இருக்கிறது. கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தேன், அதையும் படித்திருக்கக் கூடாது. எங்களிடமிருந்து என்ன வெளியே போனது என்றே கேட்டுக்கொண்டிருந்தாய், உள்ளே என்ன வந்தது என்று கேட்டாயா என்று உன்னோடு மல்லுக்கு நிற்கிறார். அவர்களுடைய மிகப் பெரிய கோயில்களின் நெருப்பு ஒரு நெருப்பு அல்லவாம். குயவன் சூளை, கொல்லன் உலை, ரொட்டி சுடுகிறவன் அடுப்பு, இடி விழுந்து எரிந்த மரம், பிணம் எரித்த இடம் என்று பதினாறு இடத்து நெருப்பை வாங்கி, சுத்தம் செய்து, ஒன்றாக்கியதாம். அதன் கீழே, இதற்கு என்ன பதில் சொல்கிறாய் என்று கேட்டு, பாதிப் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறார். நீ எழுதுவதற்கு.

வாங்க ஆளில்லாத சரக்கு என்று நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆராய்ச்சியைத் தொடர் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை, அது உன் பாடு. மன்னித்துவிடு என்றும் கேட்கவில்லை. உன் பெயரில் ஒருமுறை கேட்டு அந்த வார்த்தையைக் கெடுத்துவிட்டேன். இந்த மாதக் கடைசி வரை அண்ணன் மகள் பாலிகஞ்ச் வீட்டில் இருப்பாள். உண்மை முழுவதும் அவளிடமும் சொல்லிவிட்டேன். நீ வந்தால் கதவு திறக்கும், சங்கிலி இருக்காது. வருவதானால் ஹௌராவிலிருந்து நேராக அங்கே போ. பெஹாலாவில் நம் வீட்டுக்கு வந்துவிட்டுப் போக வேண்டும் என்பதில்லை. நான் ஸ்டேஷனுக்கு வரமாட்டேன்.

ஆன்ட்டியின் எண்ணெய் விளக்கு அங்கே இன்னும் எரிகிறது. அந்தப் பெண் ஊர் திரும்பும் நாளில் அதற்கு எண்ணெய் விடாமல் நிறுத்திவிடுவாளாம், தானாக அடங்கட்டும் என்று. நீ அப்போது அங்கே இருந்தால் நல்லது. ஊதக் கூடாது என்று உனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா